பதினோரு மணிப் பள்ளம்

மதுரையில் வெயிலை அளந்து சம்பளம் வாங்குகிறவனை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. அதில் தவறும் இல்லை.

எழுபதுகளின் கடைசியிலிருந்து எண்பதுகளின் நடுப்பகுதிவரை நான் பார்த்த வேலை அது. நியமன உத்தரவில் வளிமண்டல ஆராய்ச்சி என்று போட்டிருக்கும். செயற்கைக்கோள் மேலிருந்து எடுத்த படத்தையும், நாங்கள் கீழே தெருத்தெருவாக எடுத்த வெப்ப அளவுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஊரில் எந்த இடம் எவ்வளவு சுடுகிறது, எதனால் சுடுகிறது என்று சொல்ல வேண்டும். ஏதோ ஒரு அலுவலகத்துக்காக மாதக்கணக்கில் அறிக்கை எழுதி, மேலே அனுப்பிவிட்டு, அது என்ன ஆயிற்று என்று கேட்கவும் பயந்து உட்கார்ந்திருந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. மற்றவர்களும் படிக்கலாம்.

பெண் பார்த்த வீட்டில்

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் எனக்குப் பெண் பார்த்தார்கள். நல்ல விவசாயக் குடும்பம். காப்பி கொடுத்து முடிந்ததும் பெண்ணின் தாய்மாமன் என் வேலையைப் பற்றி விசாரித்தார். வாத்தியாரா என்றார். இல்லை என்றேன். இன்ஜினியரா என்றார். அதுவும் இல்லை. மண்ணும் கல்லும் கூரையும் வெயிலை வாங்கித் திருப்பி விடுகிற சூட்டை வானத்திலிருந்தே படம் பிடிக்கலாம், அந்தப் படத்தைப் படிப்பதுதான் என் வேலை என்று முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன்.

அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். கூடத்தில் இருந்த பத்துப் பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். “வெயில் அடிக்கிறது எங்களுக்கே தெரியுதே மாப்ள. அதுக்கு எதுக்கு ஒரு ஆபீசு?”

கோரிப்பாளையத்தில் ஒன்பதரை மணி

அந்தச் செயற்கைக்கோள் பல நாளுக்கு ஒருமுறை, காலை ஒன்பதரை மணி வாக்கில் எங்கள் தலைக்கு மேல் போகும். அதே நிமிடத்தில் கீழே தரை எவ்வளவு சுடுகிறது என்று நாங்கள் அளந்து வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் படம் வெறும் வண்ணக் காகிதம்தான். ஆகவே ஒன்பதரை மணிக்கு, பஸ்ஸும் மாட்டுவண்டியும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருக்கும் கோரிப்பாளையம் சந்திப்பில், கைத்துப்பாக்கி போன்ற ஒரு கருவியைத் தார்ச் சாலையை நோக்கி நீட்டிக்கொண்டு நான் நின்றேன். எங்கள் பல்கலைக்கழகத் துறையின் தொழில்நுட்ப உதவியாளர் தங்கப்பாண்டி பக்கத்தில் நின்று அளவுகளை எழுதினார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ரோட்டை அகலப்படுத்த அளக்க வந்திருக்கிறோம் என்று கடைக்காரர்கள் முடிவுசெய்துவிட்டார்கள்.

அத்தர்க் கடை பாய் ஒருவர் நேராக வந்து, “கடையை எடுக்கப் போறீங்களா தம்பி? உள்ளதைச் சொல்லிருங்க” என்றார். நான் ஆகாயத்தைக் காட்டி விளக்கினேன். அங்கிருந்து பார்த்தால் என் கடை தெரியுமா என்றார். கடை தனியாகத் தெரியாது, பல கட்டிடங்கள் சேர்ந்து ஒரு புள்ளியாகத் தெரியும், தகரமா ஓடா மரமா என்று ஓரளவு சொல்லலாம் என்றேன். உள்ளே உட்கார்ந்திருக்கும் நான் தெரிவேனா என்றார். மாட்டீர்கள் என்றேன். அவருக்கு நிம்மதி வந்ததா, வருத்தம் வந்ததா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. “அப்ப மனுசனைத் தவிர மத்ததெல்லாம் தெரியும்னு சொல்லுங்க.”

விளாங்குடி மழைமானி

நகரத்தின் சூட்டைச் சொல்ல, நகரம் அல்லாத ஒரு இடத்தோடு ஒப்பிட வேண்டும். திண்டுக்கல் சாலையில் விளாங்குடியைத் தாண்டி, ஒரு விவசாயியின் வயலோரத்தில் வேலி போட்டு எங்கள் கருவிகளை வைத்திருந்தோம். வெப்பமானியோடு ஒரு மழைமானியும் உண்டு. தை மாதத்தில் ஒரு நாள் என் சட்டை நனைய நனைய மழையில் சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்தால், மழைமானியின் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அடுத்த மழைக்கும் அப்படியே. ஓட்டை இருக்கிறதா என்று கழற்றிப் பார்த்தோம். இல்லை.

மூன்றாவது தடவை தங்கப்பாண்டி வயல்காரரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் மறைக்கவில்லை. மழை நின்றதும் வேலிக்குள் நுழைந்து, பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு வந்துவிடுவாராம். அந்த வருடம் அவர் நெல் முழுக்கக் கருகியிருந்தது. காலம் தப்பிப் பெய்த இந்த மழையால் அவருக்குப் பத்துப் பைசா பிரயோசனம் இல்லை. இது அரசாங்க மழைமானி அல்ல, எங்கள் ஆராய்ச்சிக்கு வைத்தது, இதை வைத்து வறட்சி நிவாரணம் கொடுக்கவும் மாட்டார்கள், நிறுத்தவும் மாட்டார்கள் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “பெஞ்ச மழை மண்ணோட போயிரும் தம்பி. நீங்க எழுதுன மழைதான் நிக்கும்.”

கிடுகு

இனிமேல் சொல்வதெல்லாம் ஒரே வீட்டைப் பற்றியது. வைகைக் கரைக் குடிசைகளை எடுத்துவிட்டு, அங்கிருந்தவர்களுக்கு வில்லாபுரத்தைத் தாண்டி வரிசை வரிசையாக ஒற்றை அறை வீடுகள் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இன்னும் பல வரிசைகள் கட்டுவதாகத் திட்டம். அதற்கும் இதே கூரையா, வேறு ஏதாவது செய்ய வேண்டுமா என்று தெரிந்துகொள்ள அந்தக் குடியிருப்புத் திட்டத்தின் அதிகாரி எங்கள் துறையைக் கேட்டிருந்தார். கோடை முழுவதும் ஒரு வீட்டுக்குள் கருவி வைத்து அளந்து சொல்வதாக ஒப்புக்கொண்டோம். நல்ல கருவி ஒன்றுதான் இருந்தது. உருளையில் சுற்றிய தாளில் பேனா முனை ஒன்று ஏழு நாளும் வெப்பத்தைக் கோடாக வரைந்துகொண்டே இருக்கும். திங்கள்தோறும் தாள் மாற்ற வேண்டும்.

கருப்பையா வீட்டைத் தேர்ந்தெடுத்தோம். அவர் ஒரு பஞ்சாலையில் பதிலித் தொழிலாளி. நிரந்தரமானவர்கள் வேண்டாம் என்று விடும் ராத்திரி ஷிப்ட்தான் அவருக்குக் கிடைக்கும். விடிந்து வந்து பகலில் தூங்குவார். அவர் மனைவி பேச்சியம்மாள் வீட்டிலேயே பூக்கட்டி விற்றாள். அந்த வரிசையில் எல்லோரையும் போல அவர்களும் கூரைமேல் தென்னங்கிடுகு பரப்பி, கல் வைத்திருந்தார்கள். அரசாங்கம் கட்டுவது வெறும் ஆஸ்பெஸ்டாஸ். கிடுகு இருந்தால் நான் அளப்பது அரசாங்கத்தின் வீட்டை அல்ல, பேச்சியம்மாளின் வீட்டை. ஆனி மாதம் முடியும்வரை அதை எடுத்துவிடச் சொன்னேன். அளவு சரியாக வந்தால் இனிக் கட்டும் வீடுகளுக்கு நல்ல கூரை கிடைக்கும் என்றும் சொன்னேன். நான் அதை நம்பித்தான் சொன்னேன். கருப்பையா தானே ஏணி வைத்து ஏறி, ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினார். “வாரவங்களுக்காவது நல்ல வீடு கெடைக்கட்டும் சார். ஒரு கோடைதானே, ஓடிப்போகும்.”

தாளில் ஒரு பள்ளம்

முதல் வாரத் தாளைப் பிரித்தபோது எனக்குக் கோபம் வந்தது. கோடு காலையிலிருந்து ஒழுங்காக ஏறி வருகிறது. பதினோரு மணிக்குச் சட்டென்று ஒரு பள்ளம். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ஏறுகிறது. ஏழு நாளும் அதே நேரம், அதே பள்ளம். வெயில் அப்படி நடந்துகொள்ளாது. மனிதர்கள்தான் அப்படி நடந்துகொள்வார்கள்.

அடுத்த நாள் பதினோரு மணிக்குச் சொல்லாமல் போய் நின்றேன். வாசலிலும் சன்னலிலும் ஈரச் சாக்கு தொங்கியது. தரையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டித் தென்னை விளக்குமாற்றால் பரப்பிக்கொண்டிருந்தாள் பேச்சியம்மாள். ஓரத்தில் பாயில் கருப்பையா வாயைத் திறந்தபடி தூங்கினார். அவள் உதட்டில் விரல் வைத்து என்னை வெளியே கூட்டி வந்தாள். “இப்படிச் செஞ்சாத்தான் மூணு மணி வரைக்குமாவது கண்ணசருவாரு” என்றாள்.

இயற்கையாக உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும், இந்தத் தண்ணீரால் அளவு கெடுகிறது என்று விளக்கினேன். சாக்கு வேண்டாம், தரையை நனைக்க வேண்டாம், கதவைச் சாத்த வேண்டிய நேரத்தில் சாத்தி, திறக்க வேண்டிய நேரத்தில் திறந்தால் போதும். அவள் என் கையில் இருந்த அரசு முத்திரை போட்ட கடித உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சரிங்க சார், நிறுத்திப்புடுறோம். வீட்டை மட்டும் திருப்பி வாங்கிராதீக.”

நேர்த்தியான கோடு

வீட்டை யாரும் திருப்பி வாங்க மாட்டார்கள் என்று அவளிடம் அழுத்திச் சொன்னேனா என்று பிற்பாடு பல தடவை யோசித்திருக்கிறேன். சொன்னதாக ஞாபகம் இல்லை. அடுத்த வாரத் தாளில் பள்ளம் இல்லை. அதற்கடுத்த வாரத்திலும் இல்லை. விடிந்ததிலிருந்து ஏறி, மூன்று மணிக்கு உச்சிக்குப் போய், மெதுவாக இறங்கும் அழகான கோடு. வெளியே இருப்பதைவிட உள்ளே அதிகம். எங்கள் பேராசிரியர் சன்னல் வெளிச்சத்தில் தாளைப் பிடித்துப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார். அவர் யாரையும் தொட்டுப் பேசுகிறவர் அல்ல.

தாள் மாற்றப் போகும்போதெல்லாம் கருப்பையா வீட்டில் இல்லை. பொதுக் குழாயடி வேப்பமரத்துக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்திருப்பார். பக்கத்தில் பெண்கள் குடத்துக்குச் சண்டை போடுவார்கள், லாரி போகும், அவர் புரண்டு படுப்பார். ஒரு தடவை என்னைப் பார்த்து எழுந்து உட்கார்ந்து கும்பிட்டார். கண் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் இருந்தது. எத்தனை வாரம் பாக்கி என்று கேட்டார். மூன்று என்றேன். மூணுதானா என்று சிரித்தார்.

திரும்பும் வழியில் தங்கப்பாண்டி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, இதுவரை எடுத்தது போதாதா என்றார். கத்திரி வெயில் முடிந்தாலும் அதற்குப் பிந்தைய அளவும் வேண்டும், பாதியில் நிறுத்தினால் அறிக்கையை ஒரு கேள்வியில் கவிழ்த்துவிடுவார்கள் என்றேன். அது உண்மைதான். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். “நான் இந்த வேலைக்குப் புதுசு இல்ல சார். ஆனா அந்தாளு தூங்கி நான் பாத்து ஒரு மாசமாச்சு.”

திங்கட்கிழமை

அடுத்த திங்கட்கிழமை வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சாவி கொண்டுவந்து கொடுத்தார். அவர்தான் சொன்னார். புதன்கிழமை விடியற்காலை, ஷிப்ட் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது, பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷினில் பஞ்சு அடைத்திருக்கிறது. மெஷினை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கருப்பையா பன்னிரண்டு வருடமாக அப்படித்தான் எடுத்து வந்தார். அன்றைக்கு நிறுத்தியதாக நினைத்துக்கொண்டு கையை விட்டார். வலது கை, மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே வரை போய்விட்டது. அன்றிலிருந்து பேச்சியம்மாள் பெரியாஸ்பத்திரியிலேயே இருந்தாள்.

பூட்டைத் திறந்து உள்ளே போனேன். செய்ய வேண்டியதைச் செய்தேன்; தாளை எடுத்தேன், புதுத் தாள் சுற்றினேன், கருவியின் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன், மை விட்டேன். சாயங்காலம் நானும் தங்கப்பாண்டியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கருப்பையா தூங்கிக்கொண்டிருந்தார். மருந்துத் தூக்கம். நான் பேச்சியம்மாளிடம் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் முந்தானையால் அவர் முகத்துக்கு விசிறிக்கொண்டே குறுக்கிட்டாள். அவள் குரலில் குற்றச்சாட்டே இல்லை. “சத்தம் போடாதீக சார். இப்பத்தான் நல்லாத் தூங்குறாரு.”

முதல் படம்

அந்த வாரத் தாளைத் துறையில் மேசைமேல் விரித்தபோது நானே திகைத்துப்போனேன். அதுவரை எடுத்த எல்லாத் தாள்களிலும் சின்னச் சின்ன நடுக்கங்கள் இருக்கும். அடுப்பு, கதவு, ஆள் நடமாட்டம். புதன்கிழமை மதியத்திலிருந்து அந்த நடுக்கம் எதுவும் இல்லை. பாடப்புத்தகத்தில் வரைந்ததுபோல ஒரு கோடு. கூரையும் சுவரும் வெயிலும் தவிர வேறு எதுவும் அந்த வீட்டில் இல்லை.

பேராசிரியர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். எப்படி இவ்வளவு சுத்தமாக வந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். கேட்காததால் சொல்லவில்லை. “அறிக்கையில இதையே முதல் படமாப் போட்டுருங்க.”

குடிசை ஒழிப்பு

அறிக்கையை நான்தான் எழுதினேன். முடிவுப் பகுதியில் இரண்டு பரிந்துரைகள். ஒன்று, இனிக் கட்டும் வீடுகளுக்கு ஓட்டுக் கூரை. இரண்டு, அது முடியாவிட்டால் ஆஸ்பெஸ்டாஸ்மேல் கிடுகு பரப்புவதும், பகலில் ஈரச் சாக்கு தொங்கவிட்டுத் தரையை நனைப்பதும் உள்வெப்பத்தைக் குறைக்கும். அதற்குச் சான்றாக முதல் வாரத் தாளின் பள்ளத்தையே படமாகச் சேர்த்தேன். செயற்கைக்கோள் படத்தையும் இணைத்தேன்.

அதிகாரி பொறுமையான மனிதர். செயற்கைக்கோள் படத்தில் குடியிருப்பைக் காட்டச் சொன்னார். பென்சில் முனையால் இரண்டு புள்ளிகளைத் தொட்டுக் காட்டினேன். இம்புட்டுத்தானா என்றார். பிறகு கோட்டுப் படத்தைப் பார்த்தார். ரொம்பச் சுடத்தான் செய்கிறது என்று ஒத்துக்கொண்டார். ஓட்டுக்கு மரச்சட்டம் வேண்டும், அது ஒதுக்கீட்டில் இல்லை என்றார். இரண்டாவது பரிந்துரைக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நான் கருப்பையாவைப் பற்றிச் சொன்னேன். இந்தத் தடவை யாரும் கேட்காமலேயே சொன்னேன். அவர் உண்மையாகவே வருந்தினார். வருந்திவிட்டு, அறிக்கையை மூடி என் பக்கம் தள்ளினார். “குடிசையை ஒழிக்கத்தான் சார் இந்தத் திட்டமே. நீங்க படிச்சவுக, மறுபடியும் கூரை வேயச் சொல்றீங்களே.”

மறு கோடை

புதிய வரிசைகள் அதே கூரையோடு எழும்பின. மறு வருடம் சித்திரையில், வேலை எதுவும் இல்லாமல் நானும் தங்கப்பாண்டியும் வில்லாபுரத்துக்குப் போனோம். எதற்குப் போகிறோம் என்று அவர் கேட்கவில்லை. பேச்சியம்மாள் வீட்டுக் கூரையில் புதுக் கிடுகு, முன்பைவிடக் கனமாக, இரண்டு அடுக்கு. வாசலில் சாக்கு சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கருப்பையா பூக்கூடையைக் கால் விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, இடது கையால் பூவை எடுத்து எடுத்து அவள் பக்கம் வைத்தார். மில்லில் பதிலிகள் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்களாம். பகலில் தூங்க முடிகிறதா என்று கேட்டேன். “பகல்ல எதுக்கு சார் தூங்கணும்? ராத்திரிக்கு என்ன வேலை கெடக்கு எனக்கு?” என்றார். ஏளனமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார்.

புது வீடுகளுக்கு நல்ல கூரை வரவில்லை என்று நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. அது அவர்கள் வாசலிலிருந்தே தெரிந்தது. மன்னிப்பு என்ற சொல்லை நான் எப்படியோ சொல்லிவிட்டேன். இருவரும் அதைக் காதில் வாங்காதவர்கள்போல் இருந்தார்கள். பேச்சியம்மாள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை என் பையையும் தங்கப்பாண்டியின் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, முன்பு கருவி இருந்த மூலையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து அப்பால் வைத்து, முந்தானையால் அந்த இடத்தைத் துடைத்தாள். “மிஷினு கொண்டாரலையா சார்? இப்ப வச்சுப் பாருங்க, எம்புட்டுக் கொறஞ்சிருக்குன்னு.”

ஆராய்ச்சி என்பது, தெரிந்தவர்களிடம் போய், அவர்கள் செய்துகொண்டிருந்ததை நிறுத்தச் சொல்லிவிட்டு, பிறகு அதையே பரிந்துரை என்று எழுதித் தெரியாதவர்களிடம் கொடுப்பது.